உதிர்ந்த பல்

தொடாதீங்கக்கா.

கோவிச்சுக்காதீங்க. பாப்பா இடுப்புல தொங்குற அந்தத் துணி முடிச்சை யாரு தொட்டாலும் எனக்குத் திக்குனு ஆகிடுது. தாயத்து இல்லக்கா. புலிப்பல்லும் இல்ல. எல்லாரும் புலிப்பல்லான்னுதான் கேக்கறாங்க, நானும் ஆமான்னு தலையை ஆட்டிட்டுப் போயிடுவேன். நான் யார்கிட்டயும் பேசுறவ இல்ல. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க, பேசித் தொலையேன்டி"ன்னு எங்க அண்ணி திட்டுவாங்க. அண்ணின்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா, கொளஞ்சின்னு பேரு.

ஆனா உங்ககிட்ட பேசணும். நீங்க லால்குடியில இறங்கிடுவீங்க, அப்புறம் என் மூஞ்சியை நீங்க பாக்கப்போறதில்ல. திருச்சி போறதுக்குள்ள ஒருத்தர்கிட்டயாவது இதை வாய்விட்டுச் சொல்லிப் பாத்துடணும். இல்லைன்னா அங்க போய் நிக்கறப்ப நாக்கு எழும்பாது.

அது டைனோசர் பல்லு.

சிரிங்க, பரவால்ல. தை மாசத்துல எங்களுக்கும் சிரிப்புதான் வந்துச்சு.

எங்க ஊரு ஓடைமேடு, அரியலூருக்குக் கிழக்க. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல்லு வெட்டுன பள்ளம், இன்னொரு பக்கம் வறண்ட ஓடை. ஓடைப் பக்கம் கருவேல முள்ளைத் தவிர ஒண்ணும் விளையாது. அங்கதான் திருச்சி காலேஜுலேர்ந்து ரெபேக்கா மேடமும் ஒரு சாரும் வந்து பந்தல் போட்டாங்க. பொம்பளை ஆளு எட்டுப் பேரு வேணும்னாங்க. அண்ணி முதல் ஆளாப் போய் நின்னாங்க, என்னையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு. எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. வீட்ல நானும் அண்ணியும் பாப்பாவும்தான். அண்ணியைக் கட்டுனவரு எப்பவோ விட்டுட்டுப் போயிட்டாரு. பிள்ளை இல்ல.

வேலை என்னன்னா, ஓடை மண்ணைத் தண்ணியில ஊறவச்சு, சல்லடையில அலசி, காயவச்சு, தாம்பாளத்துல பரப்பிப் பொறுக்கணும். அரிசியில கல்லு பொறுக்குறாப்லதான். "இங்க அரிசியை எறிஞ்சுட்டுக் கல்லை எடுத்து வைக்கணும், அவ்ளோதான்டி"ன்னாங்க அண்ணி. பெரிய எலும்பா கிடைச்சா சாக்குத் துணி சுத்தி மாவுக்கட்டு போடுவாங்க. அதைப் பாத்துட்டு அண்ணி, "செத்து ஏழு கோடி வருஷம் ஆன காலுக்குக் கட்டு போட்டு எந்த ஊருக்கு மேடம் நடத்திக் கூட்டிட்டுப் போகப்போறீங்க?"ன்னு கேட்டாங்க. மேடம் சிரிச்ச சிரிப்புல கையில இருந்த மாவு கீழ கொட்டிருச்சு.

அண்ணி எல்லார்கிட்டயும் அப்படித்தான், கலகலன்னு. என்கிட்ட மட்டும்தான் கடுகடுப்பு. பாப்பா முகத்துக்கு பவுடர் அதிகம்னா திட்டு, சோறு குழைஞ்சா திட்டு. அதை விடுங்க.

சாப்பாட்டு நேரத்துல மேடம் எங்களை உக்காரவச்சுச் சொல்லுவாங்க. நாங்க தேடுனது கறி திங்கிற டைனோசராம். சினிமாவுல வர்றது இல்ல. அதிகம் யாருக்கும் தெரியாத ஒண்ணு, இன்னும் பேரே வைக்கல. அதோட சொந்தக்காரன் மடகாஸ்கர்னு ஒரு தீவுல கிடைச்சிருக்கானாம். ஒரு காலத்துல அந்தத் தீவும் நம்ம நாடும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். ரெண்டு காலால நடக்கும், மூஞ்சி குட்டை, கை ரெண்டும் இத்துனூண்டு, வாய்க்குக்கூட எட்டாதாம்.

"அப்ப மூஞ்சியில ஈ உக்காந்தா?"ன்னாங்க அண்ணி.

"உக்கார வேண்டியதுதான் கொளஞ்சி."

"பாவம் மேடம். கட்டைக்கையன்."

அன்னையிலேர்ந்து அதுக்கு அதான் பேரு. சார்கூட நோட்டுல எழுதறப்ப கட்டைக்கையன்னு சொல்லிக்கிட்டேதான் எழுதுவாரு.

மாசி மாசம் அந்தப் பல்லு கிடைச்சுது. அண்ணி தாம்பாளத்துலதான். என் சுண்டுவிரல் நீளம், கருகருன்னு வழவழப்பா, ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி. விரலை ஓட்டுனா நறநறங்கும். மேடம் அதைக் கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் எங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாங்க. "அடியைப் பாருங்க. வேர் இல்ல. செத்த மிருகத்தோட தாடையிலேர்ந்து விழுந்திருந்தா வேர் நீளமா இருக்கும். இது உசுரோட இருக்கறப்ப, எதையோ கடிக்கறப்ப உதிர்ந்த பல்லு. பழசு விழ விழப் புதுசு முளைச்சுக்கிட்டே இருக்கும். பல்லை இங்க விட்டுட்டு அது பாட்டுக்கு நடந்து போயிருக்கு."

ஒரு சின்ன டப்பாவுல பஞ்சு போட்டுப் பல்லை வச்சு, மேல சீட்டு ஒட்டுனாங்க. ஏதோ நம்பரு. அதுக்குக் கீழ தமிழ்ல, 'கண்டுபிடித்தவர்: கொளஞ்சி'. இது புஸ்தகத்துல அச்சாகி வரும்போதும் உங்க பேரு இருக்கும்னாங்க. அண்ணி அந்தச் சீட்டைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்கு அவங்க பேரு மட்டும்தான் படிக்கத் தெரியும். "கொம்பு சரியா போட்டிருக்காங்களாடி?"ன்னு என்னைக் கேட்டாங்க. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ இல்லையா.

அதுக்கு நாலாம் நாளு பாப்பாவுக்கு இழுப்பு வந்துச்சு.

முதல் தடவை இல்லக்கா, மூணாவது தடவை. காய்ச்சல் ஏறுனா வந்துடும். பந்தல்ல தூளியில கிடந்தா, நான் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். தூளி ஒரு மாதிரி ஆடுச்சு. புள்ளை புரண்டு படுக்குறான்னு நினைச்சேன். போய்ப் பாத்தா கண்ணு மேல சொருகிக் கிடக்கு, கை ரெண்டும் மடங்கி வெட்டு வெட்டுனு வெட்டுது, வாயோரம் நுரை. நான் கத்தவே இல்ல, எனக்குக் குரல் வரல. அண்ணிதான் ஓடிவந்து தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனாங்க. மேடம் வண்டியில அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மருந்து குடுத்தாரு. காய்ச்சல் தொடங்குன உடனே இதைக் குடு, ஈரத்துணி போட்டுத் துடை, காய்ச்சல் ஏற விடாதேன்னு எனக்கும் அண்ணிக்கும் சொன்னாரு.

மருந்து என்னக்கா மருந்து. எங்க பக்கம் பயத்துக்கும் இழுப்புக்கும் புலிப்பல்லு கட்டுவாங்க. அதுவும் செத்த புலியோட பல்லு ஆகாதும்பாங்க. அது பிணத்துப் பல்லு. உசுரோட இருக்கற புலிகிட்டேர்ந்து விழுந்த பல்லுதான் காவலு. அதுக்கு எங்க போறது? யாருக்கும் கிடைக்காது. அதான் எல்லாரும் பிளாஸ்டிக்கைக் கட்டி ஏமாந்து போறாங்க.

ஆனா எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு இருந்துச்சு. உசுரோட உதிர்ந்த பல்லு. மேடமே சொன்னாங்க, படிச்சவங்க. புலி என்ன புலி, புலிக்கெல்லாம் முன்னாடி இருந்தது.

மறுநா மத்தியானம் எல்லாரும் கை கழுவப் போனப்ப டப்பாவைத் திறந்து எடுத்துட்டேன். அவ்வளவுதான். திருடணும்னு எடுக்கல. பழைய வேட்டித் துணியில சுத்தி, கருப்பு நூலால தச்சு, அரைஞாண் கயித்துல கட்டிட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை காய்ச்சல் வந்துச்சுக்கா. ரெண்டு தடவையும் இழுப்பு வரல! மருந்தும் குடுத்தோம்தான். அண்ணி கடிகாரத்தைப் பாத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊத்துவாங்க, ராத்திரி பூரா முழிச்சிருந்து ஈரத்துணி போடுவாங்க. அவங்களுக்குத் தூக்கம் வராது, அப்படி ஒரு உடம்பு. ஆனா காப்பாத்துனது பல்லுதான். அது எனக்குத் தெரியும்.

கீழப்பழுவூர் தாண்டிடுச்சா? வெயில் என்னமா அடிக்குது. பாப்பா தூங்கட்டும். கன்னம் கொஞ்சம் சூடா இருக்கற மாதிரி இருக்கு, இல்ல? ஜன்னல் வெயிலா இருக்கும்.

பல்லைக் காணோம்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. சார் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாரு. டப்பாவைத் திறந்து காட்டுறாரு, பஞ்சு மட்டும் இருக்கு. யாரு கடைசியா எடுத்ததுன்னு கேக்கறாரு. பாப்பா என் இடுப்புல இருக்கா, அவ இடுப்புல பல்லு இருக்கு, என் முழங்கைக்கும் அதுக்கும் நாலு விரல் தூரம்.

அப்ப அண்ணி முன்னாடி போய், "நான்தான் சார். டப்பாவுல தூசியா இருக்குன்னு மண்ணு அலசற தண்ணியில கழுவுனேன். அதுல போயிருச்சு"ன்னுட்டாங்க.

பாருங்களேன். அவங்க அடிக்கடி டப்பாவை எடுத்துப் பேரைத் தடவிக்கிட்டே இருப்பாங்க. என்னைக்கோ கழுவியிருப்பாங்க போல, தன் கையாலதான் போச்சுன்னு நம்பிட்டாங்க. சாமியாப் பாத்து எனக்கு வழி விட்டாப்ல ஆயிடுச்சு. மேடம் மட்டும் டப்பாவுல இருந்த பஞ்சைத் தொட்டுப் பாத்தாங்க. அது காஞ்சு கிடந்துச்சு. சீட்டுல மையும் கலையல. எனக்கு உசுரே போயிடுச்சு. ஆனா மேடம் டப்பாவை மூடி அண்ணி கையில குடுத்துட்டாங்க.

சார் அண்ணியை வேலையை விட்டு நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் அவங்க கல்லு பள்ளத்துல சல்லி உடைக்கப் போறாங்க. நான் மட்டும் பந்தலுக்குப் போனேன். காலி டப்பாவைச் சாமி மாடத்துல வச்சிருந்தாங்க, பேரு இருக்குல்ல. விளக்கு ஏத்தறப்பெல்லாம் என் கண்ணு அதும்மேல போகும். நான் திரும்பிக்குவேன். அவங்களும் முன்ன மாதிரி திட்டறதில்ல. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அண்ணிக்குத் தெரிஞ்சிருக்குமான்னா கேக்கறீங்க? ச்சேச்சே. பாப்பாவைக் குளிப்பாட்டறது அவங்கதான், ஆனா அந்த முடிச்சை அவுக்காதீங்க, பூசாரி மந்திரிச்சுக் குடுத்ததுன்னு சொல்லி வச்சிருக்கேன். சரின்னாங்க. ஒரு தடவை பாத்தா தையல் நூலு சிவப்பா இருந்துச்சு. நான் தச்சது கருப்பு. எதாவது துணியில சாயம் ஏறியிருக்கும்னு விட்டுட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இன்னைக்கு பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

பங்குனியில ஒரு எலும்பு கிடைச்சுது. கட்டைக்கையனோட எலும்புதான், தொடை. ஆனா சின்னது. குட்டியோடதுன்னாங்க மேடம். அதைப் பிரஷ்ஷால தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணுனா, மேல கோடு. அஞ்சாறு கோடு, நெருக்கமா, அருகருக, பேன் சீப்பால இழுத்த மாதிரி. மேடமும் சாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"என்ன மேடம் அது?"ன்னு ஒரு பொம்பளை கேட்டா.

"யாரோ கடிச்சு இழுத்திருக்காங்க. பல்லோட ரம்பம் எலும்புல விழுந்திருக்கு."

"யாரு?"

"அதான் தெரியணும். மடகாஸ்கர்ல இருந்தது தன் இனத்தையே தின்னிருக்குன்னு இப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. கோட்டோட இடைவெளியும் பல்லு ரம்பத்தோட இடைவெளியும் ஒத்துப் போகணும். அந்தப் பல்லு இருந்திருந்தா..."

பொம்பளைங்க எல்லாம் வாயில கை வச்சுட்டாங்க. பெத்ததைத் தின்னுச்சா, பெத்ததைத் தின்னுச்சான்னு ஒரே பேச்சு. மேடம் சொன்னாங்க, "பெத்ததுதான்னு சொல்ல முடியாது. கொன்னு தின்னுச்சா, செத்துக் கிடந்ததைத் தின்னுச்சான்னும் சொல்ல முடியாது. தின்னது யாருன்னு வேணா கோடு சொல்லும். கொன்னது யாருன்னு சொல்லாது."

நான் தாம்பாளத்தைக் கீழ வச்சுட்டு வீட்டுக்கு ஓடுனேன். பாப்பா முற்றத்துல மண்ணுல விளையாடிக்கிட்டிருந்தா. அந்த முடிச்சு அவ வயித்துக்குக் கீழ ஆடுது. அவுக்கணும்னு கை போகுது. அவுத்தா இழுப்பு வந்துடும்னு கை திரும்புது. போகுது, திரும்புது. என் புள்ளைக்குக் காவலுக்கு வச்சது காவலா, இல்ல புள்ளை தின்னியான்னு எனக்குத் தெரியல. அக்கா, நீங்களும் ஒரு புள்ளை பெத்தவங்கதானே, நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?

நான் ஒண்ணும் செய்யல. அப்படியே விட்டுட்டேன். சித்திரை பொறந்ததும் வெயில் தாங்காம மேடமும் சாரும் பந்தலைப் பிரிச்சுக்கிட்டு எலும்போட திருச்சி போயிட்டாங்க.

முந்தாநா காலையில பாப்பா குப்புறப் படுத்துத் தூங்கி எழுந்தா. பாவாடையைத் தூக்கி விடறேன், இடுப்புல கோடு. பூனை பிராண்டுனாப்ல செவசெவன்னு. ஆனா பூனை நகம் அப்படி விழாதுக்கா. அஞ்சாறு கோடு, நெருக்கமா, அருகருக. துணியைத் தின்னுட்டுப் பல்லு ஓரம் வெளிய வந்திருக்கு. ராத்திரி புரண்டு படுத்ததுல இழுத்திருக்கு. எலும்புல பாத்த அதே கோடு. அதே இடைவெளி. மேடத்துக்கு எந்த மெஷினும் வேண்டாம், என் புள்ளை இடுப்பைப் பாத்தாலே போதும்.

இது இன்னும் யாருக்கும் தெரியாது. மேடத்துக்குத் தெரியாது, சாருக்குத் தெரியாது. அந்தக் குட்டியைத் தின்னது யாருன்னு எனக்கு மட்டும் தெரியும்.

அதான் கிளம்பிட்டேன். பாப்பாவுக்குத் திருச்சி பெரியாஸ்பத்திரியில காட்டப்போறேன்னு அண்ணிகிட்ட சொன்னேன். நிமிர்ந்து பாத்தாங்க, போயிட்டு வாங்கன்னாங்க. பையை அவங்களேதான் கட்டிக் குடுத்தாங்க. மேடம்கிட்ட என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். பந்தல்ல விரிச்சிருந்த சாக்கை உதறுனேன், மடிப்புல கிடந்துச்சுன்னு சொல்லி மேசையில வச்சுட்டு வந்துடுவேன். அண்ணி கழுவுனப்ப சாக்குல விழுந்திருக்கும்னு அவங்களே நினைச்சுக்குவாங்க. அண்ணிக்கும் பாதகம் இல்ல, எனக்கும் பாதகம் இல்ல. சரிதானேக்கா?

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

அக்கா... பாப்பா நெத்தியைத் தொட்டுப் பாருங்களேன். வெயில் இல்ல. இது வெயில் சூடு இல்ல. புள்ளம்பாடி இப்பத்தானே தாண்டுச்சு? இருங்க, இருங்க, மருந்து பையில இருக்கு. இவளைக் கொஞ்சம் பிடிங்க. தலையை மட்டும் நிமித்திப் பிடிங்க. துண்டு... துண்டை நனைச்சே வச்சிருக்காங்க பாருங்க, பிளாஸ்டிக் பையில போட்டு. மருந்து இதோ. மூடியிலயே அளவு கோடு இருக்கு. குடிடி தங்கம், குடி. துப்பாத. அவ்வளவுதான், அவ்வளவுதான்.

மருந்துக்கு அடியில இது என்னது.

அக்கா, இது அந்த டப்பா.

மாடத்துல இருந்தது. சீட்டு அப்படியே இருக்கு, பாருங்க, கொளஞ்சி. உள்ள பஞ்சு. இது பழைய பஞ்சு இல்ல, புதுசு. நடுவுல விரலால அமுக்கிக் குழி பண்ணி வச்சிருக்காங்க. ஒரு பல்லு வைக்கற அளவுக்கு.

நான் ஆஸ்பத்திரின்னுதானே சொன்னேன்.

இந்த முடிச்சைப் பாருங்கக்கா. சிவப்பு நூலு. கருப்பு நூலுக்குச் சாயம் எப்படி ஏறும்? நான் அவ்வளவு கூறு கெட்டவளா? இழை இழையா எவ்வளவு பொடிசா தச்சிருக்காங்க, புள்ளைக்குக் குத்தக் கூடாதுன்னு ரெட்டைத் துணி வச்சு. நான் ஒத்தைத் துணிதான் வச்சேன். இதுக்கு மேலயும் தின்னுட்டு வந்திருக்கு அந்தப் பல்லு.

தெரிஞ்சுதான் வரிசையிலேர்ந்து முன்னாடி போயிருக்காங்க. புஸ்தகத்துல வர வேண்டிய பேரு.

துணியை நெத்தியில வையுங்க, கழுத்துலயும் துடைங்க. கண்ணைப் பாத்துக்கிட்டே இருங்கக்கா, மேல சொருகுனா உடனே சொல்லுங்க. நான் இதை அவுக்கறேன். இல்ல, இப்பவே அவுக்கறேன். பல்லால கடிச்சுத்தான் அவுக்கணும். அண்ணி போட்ட முடிச்சு அப்படி.

வந்துடுச்சு. டப்பாவுல வச்சுட்டேன். குழியில சரியா உக்காந்துடுச்சு.

கண்ணு எப்படி இருக்கு? என்னைப் பாக்கறாளா? பாக்கறா. சூடு இருக்கு, இருக்கட்டும், மருந்து இறங்கணும். அக்குள்லயும் துணியால துடைங்க. நான் சொல்றதைக் கேளுங்க, சரியா வருதான்னு பாருங்க. மேடம், இந்தப் பல்லைக் கண்டுபிடிச்சது எங்க அண்ணி கொளஞ்சி. திருடினது நான். என் பேரு தையல்நாயகி.

கடைசியில குரல் உள்ள போயிடுச்சு, இல்லக்கா? லால்குடி வர இன்னும் நேரம் இருக்கு. மறுபடி சொல்றேன்.